அனுமதி பெற்று ஒளித்த பெட்டி

அந்த நாட்களில் ஒரு வெளிநாட்டு நிறுவனம் எனக்குச் சம்பளம் தந்துகொண்டிருந்தது. எதற்கென்றால், பிள்ளைகளிடம் போய் "தொடாதே" என்று சொல்வதற்கு. சமாதான ஒப்பந்தம் எழுதி ஒரு வருடம் கடந்திருந்தது. சனம் பழையபடி கடற்கரைக்கும் காட்டுக்கும் போகத் தொடங்கியிருந்தது. போன இடங்களில் யுத்தம் விட்டுவிட்டுப் போன வெடிபொருட்கள் கிடந்தன. ஆகவே, "கண்ணிவெடி விழிப்பூட்டல் உத்தியோகத்தர் இ. ஞானசேகரம்" என்ற அட்டை கழுத்தில் தொங்க, திருகோணமலையைச் சுற்றியுள்ள ஊர்களில் சுவரொட்டி விரித்து வகுப்பெடுத்தேன். தெரியாத பொருளைக் கண்டால் தொடாதே, கிட்டப் போகாதே, தெரிந்த ஆள் தன்னுடையது என்றாலும் நம்பாதே, பெரியவர்களிடம் சொல். மொத்தப் பாடமும் இவ்வளவுதான். "உந்தப் பாடத்தை மிக்சர் போத்தலைக் காணேக்கயும் கொஞ்சம் ஞாபகம் வச்சிருங்கோ" என்பாள் என் மனைவி புஷ்பவதி.

பாடம் நன்றாக ஏறிய ஊர் சல்லி. அதற்கு நான் காரணமில்லை, இராசமலர் என்ற எட்டு வயதுப் பிள்ளைதான் காரணம். அவளுடைய தமையன் இரண்டு வருடங்களுக்கு முன் கடற்கரையில் ஒரு தகரப் பேணியைக் கண்டெடுத்துத் திறந்து பார்த்தவன். வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது. அதனால் நான் சொல்லும் ஒவ்வொரு சொல்லையும் அவள் வாய்க்குள் திருப்பிச் சொல்லிப் பார்ப்பாள். மற்றப் பிள்ளைகள் சிரித்தால் குட்டு வைப்பாள். நான் சொன்ன ஒன்றை ஓர் ஆள் அப்படியே கேட்டு நடந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. என் வீட்டில்கூட நடக்காத காரியம் அது. அந்தப் பிள்ளையின் இரண்டு கையும் இரண்டாகவே இருக்க வேண்டும் என்று நான் உண்மையாகவே ஆசைப்பட்டேன். என் உத்தியோகத்தில் பொய்யில்லாத பகுதி அது ஒன்றுதான்.

இப்படிப்பட்ட நான்தான் பெட்டி ஒளிக்கப் புறப்பட்டேன்.

எங்கள் நிறுவனத்துக் கந்தோருக்கு டென்மார்க்கிலிருந்து ஹென்ரிக் என்று ஒருவன் வந்திருந்தான். ஆபத்தான இடங்களைக் குறிப்பதற்காகத் தந்த ஜிபிஎஸ் கருவியை வைத்து அவன் வேறொரு விளையாட்டைக் காட்டினான். ஒருவர் ஒரு பெட்டியை எங்கேயாவது ஒளிப்பார். அந்த இடத்தின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் இன்டர்நெட்டில் போடுவார். மற்றவர்கள் கருவியோடு தேடி வந்து கண்டுபிடித்து, உள்ளே இருப்பதில் ஒன்றை எடுத்துக்கொண்டு, தாங்கள் கொண்டுவந்த ஒன்றை வைத்துவிட்டுப் போவார்கள். உலகம் முழுக்க இதே வேலையாம். "உங்கள் ஊரில்தான் ஒன்றுமே இல்லை" என்றான். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. தண்ணீர் இல்லை, மின்சாரம் இல்லை என்று யார் சொன்னபோதும் வராத ரோஷம் அது.

விளையாட்டுக்குச் சட்டதிட்டம் உண்டு. முகாம், பாலம், பாடசாலை, ரயில் பாதை இவற்றுக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. மண்ணைக் கிண்டிப் புதைக்கக் கூடாது. நிலத்துக்கு உரியவரிடம் அனுமதி எடுக்க வேண்டும். தேடி வருகிறவருக்கு ஆபத்து இருக்கக் கூடாது. இதையெல்லாம் யாரோ சோபாவில் சாய்ந்திருந்து எழுதியிருக்க வேண்டும். துறைமுகப் பக்கம் முழுக்கக் கடற்படை. கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில், கோட்டைக்குள் இராணுவம். முகாமுக்குப் பக்கத்தில் இல்லாத இடம் என்று பார்த்தால் நடுக்கடல்தான் மிஞ்சியது. அங்கேயும் கேட்டுத்தான் போக வேண்டும்.

கந்தோர் சாரதி மஹ்ரூப் கிண்ணியாக்காரர். என்னை ஏற்றிக்கொண்டு இடம் தேடி அலைந்தவர் அவர்தான். "சேர், ஒளிக்கிறதுக்கு அனுமதி கேக்கிற முதல் மனிசன் நீங்கதான். இந்த ஊரில ஒளிச்சவங்க ஒருத்தரும் கேட்டுப்போட்டு ஒளிக்கல்ல" என்றார்.

முதலில் உப்புவெளியில் ஒரு தேத்தண்ணிக் கடைக்காரரிடம் கேட்டேன். "அண்ணை, உங்கட கடைக்குப் பின்னால ஒரு சாமான் ஒளிச்சு வைக்கலாமோ?" அவர் தேத்தண்ணி ஆற்றுவதை நிறுத்தினார். கடைப் பலகையை எடுத்து மூடத் தொடங்கினார். ஜீப்பில் ஏறிய பிறகுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் சாமான் என்றால் அரிசி பருப்பு இல்லை. துவக்கு, இல்லாவிட்டால் குண்டு. நாள் முழுக்கக் குண்டைப் பற்றியே கதைத்துப் பிழைக்கிற எனக்கு அந்தச் சொல் மட்டும் மறந்துபோயிருந்தது.

அன்றிலிருந்து சொற்களைக் கழுவித் துடைத்துப் பாவித்தேன். தம்பலகாமத்தில் குளக்கட்டு மருதமரத்தில் ஒரு நல்ல பொந்து இருந்தது. வயல்காரர் பாக்கியரத்தினம் பொறுமையாகக் கேட்டார். "எனக்கொண்டும் பிரச்சினையில்லை, தம்பி. யானையிட்டயும் ஒருக்காக் கேட்டுப்போட்டு வையுங்கோ" என்றார். கிண்ணியாவில் மஹ்ரூப்பின் மாமியார் றுக்கியா உம்மா, "தெரியாத ஆம்பிளையள் என்ட வளவுக்குள்ள வந்து தேடுறதுக்கு நீங்க விலாசமும் குடுப்பீங்களோ?" என்று கேட்டுவிட்டு மருமகனைப் பார்த்த பார்வையில், மஹ்ரூப் எனக்கு முதலே ஓடிப்போய் ஜீப்பில் ஏறிவிட்டார்.

கடைசியில் சல்லியில் அகப்பட்டது. கடற்கரையின் ஒரு கோடியில், பாறைகளுக்கு நடுவே ஒரு தாழம்பற்றை. அது கோயில் நிலம். தர்மகர்த்தா சோமசேகரம் ஐயாவிடம் போய், மிகவும் கவனமாக, "ஐயா, வெளிநாட்டுக்காரர் வந்து பார்க்கிற மாதிரி ஒரு பெட்டி வைக்கலாமெண்டு..." என்று இழுத்தேன். அவர் முகம் மலர்ந்தது. "தாராளமா வையுங்கோ, தம்பி. ஆனா சாவி எங்களிட்டத்தான் இருக்க வேணும்." சாவி எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. ஓம் என்று தலையாட்டினேன். அவர் உண்டியல் என்று நினைத்தார் என்பது பிறகுதான் தெரியும். கடற்படைக் காவலரணில் என்னுடைய அரைகுறைச் சிங்களத்தைக் கேட்ட அதிகாரி, கழுத்து அட்டையைப் பார்த்து, கண்ணிவெடி பற்றிய அறிவித்தல் ஏதோ வைக்கப்போகிறேன் என்று எண்ணி, "ஹொந்தய், ஹொந்தய்", நல்லது நல்லது, என்றார். இப்படியாக, உரிய எல்லாரிடமும் முறைப்படி அனுமதி பெற்றேன். ஒவ்வொருவரும் அனுமதி தந்தது வெவ்வேறு பெட்டிக்கு.

உள்ளே தெரிகிற பெட்டியாக இருக்க வேண்டும் என்பதும் ஒரு விதி. கடையில் அப்படி ஒன்று கிடைக்கவில்லை. பச்சை நிறப் பிளாஸ்ரிக் பெட்டி ஒன்றை வாங்கினேன். மழைத்தண்ணீர் போகாமல் இருக்க, மின்சார வேலைக்குப் பாவிக்கிற கறுப்பு ரேப்பைச் சுற்றிச் சுற்றி ஒட்டினேன். உள்ளே ஒரு விசில், நிறப் பென்சில்கள், ஸ்டிக்கர், ஒரு சின்னக் கார். நிலாவெளிக்கு வருகிற வெள்ளைக்காரப் பிள்ளைகள் எடுத்துப் பார்த்துத் துள்ளுவார்கள் என்று கற்பனை செய்து நானே ஒருமுறை விசிலை ஊதிப் பார்த்துவிட்டு, பெட்டியைத் தாழம்பற்றைக்குள் செருகிவிட்டு வந்தேன். சல்லியிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பது எனக்கு ஞாபகம் வரவேயில்லை. ஒவ்வொரு கிழமையும் அவர்களுக்கு வகுப்பெடுக்கிறவன் நான்தான்.

அடுத்த கிழமை வகுப்புக்குப் போனபோது, பிள்ளைகள் வழக்கமாகக் கூடும் கோயிலடியில் ஒருவரும் இல்லை. சத்தமெல்லாம் கடற்கரைக் கோடியில் கேட்டது. போய்ப் பார்த்தால், தாழம்பற்றையைச் சுற்றித் தடிகள் நட்டு, சிவப்புச் சேலைக் கிழிசல்கள் கட்டியிருந்தார்கள். பிள்ளைகள் நான் சொல்லிக்கொடுத்த தூரத்தில், நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே, ஒருவர் கையை ஒருவர் பிடித்து நின்றார்கள். இராசமலர் முன்னால் நின்றாள்.

"சேர், சாமான் ஒண்டு கிடக்கு. ஒருத்தரும் தொடேல்லை. அம்மா நேவிக்காரருக்குச் சொல்லிப்போட்டா. ஆமிக்காரர் வருகினமாம்."

பச்சைப் பெட்டி, கறுப்பு ரேப். அப்போதுதான் விளங்கியது. என் சுவரொட்டியில் நாலாவது படம் அது. ஓவியருக்குப் பக்கத்தில் நின்று, "இன்னும் கொஞ்சம் ரேப் சுத்துங்கோ" என்று நானே சொல்லி வரைவித்த படம்.

பக்கத்தில் புஸ்பராணி, இராசமலரின் தாய், கருவாட்டுப் பாயை இழுத்தபடி கத்திக்கொண்டிருந்தாள். "வள்ளம் ஒண்டும் கரைக்கு வர ஏலாதெண்டு மறிச்சுப்போட்டாங்கள். உதை வச்சவன்ர கை அழுகிப்போக!" நான் என் கைகளைக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். "பிள்ளையள், பயப்பிடாதேங்கோ. அது என்ர பெட்டி. நான்தான் வச்சனான். இஞ்ச பாருங்கோ, எடுத்துக் காட்டுறன்" என்று சொல்லிக்கொண்டு சிவப்புத் துணியைத் தாண்டக் காலைத் தூக்கினேன்.

இராசமலர் ஓடிவந்து என் காற்சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம், சேர்! தெரிஞ்ச ஆள் தன்ரதெண்டு சொன்னாலும் நம்பக் கூடாதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்! அண்ணாவும் இப்பிடித்தான், ஒண்டுமில்லை, ஒண்டுமில்லையெண்டு சொல்லிச் சொல்லித் திறந்தவன்!" அவள் அழுதுகொண்டிருந்தாள். என் கை போய்விடும் என்று எனக்காக அழுதாள்.

தூக்கிய கால் தூக்கியபடியே நின்றது. அந்தப் பெட்டியை இப்போது நான் திறந்து, உள்ளேயிருந்து ஒரு விசிலும் ஒரு காரும் வெளியே வந்தால், இந்தப் பிள்ளைகள் இன்றைக்குச் சிரிப்பார்கள். அடுத்த பெட்டியைக் காணும்போது என்ன செய்வார்கள்? காலைக் கீழே வைத்தேன். இன்னொரு பக்கம், இராணுவத்துக்கு முன்னால் "பெட்டி வைத்தது நான்" என்று சொல்ல எனக்குப் பயமாகவும் இருந்தது. அனுமதி தந்த கடற்படை அதிகாரி விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தார். கொள்கையும் பயமும் ஒரே ஜீப்பில்தான் வந்து இறங்கின. எது முதலில் இறங்கியது என்று என்னைக் கேட்காதீர்கள்.

"பெட்டி உங்கடதானே, சேர்?" என்று மஹ்ரூப் காதோடு கேட்டார்.

"வாயை மூடுங்கோ, மஹ்ரூப்."

அந்த நேரம் பார்த்துச் சோமசேகரம் ஐயா வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். "தம்பி, உண்டியலை இந்தப் பக்கம் வைக்க வேண்டாம். பாத்தீங்களே, குண்டு வைக்கிறாங்கள்!"

இராணுவத்தினர் வந்தார்கள். பெட்டிக்குப் பக்கத்தில் வெடிமருந்து வைத்து, எல்லாரையும் தூரத் துரத்திவிட்டுக் கம்பியை இழுத்தார்கள். ஒரு சத்தம். கரும்புகை கிளம்பித் தாழம்பற்றை கருகியது. சட்டப்படி அனுமதி பெற்று ஒளித்த, திருகோணமலையின் முதலாவது பெட்டி அத்தோடு முடிந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். இராணுவ அதிகாரி இராசமலரின் தலையைத் தடவிவிட்டு என் கையைக் குலுக்கினார். "நல்லாப் படிப்பிச்சிருக்கிறீங்கள்" என்று கொச்சைத் தமிழில் சொன்னார். நானும் வெட்கமில்லாமல் சிரித்தேன்.

எல்லாரும் கலைந்த பிறகு இராசமலர் மட்டும் என் பக்கத்திலேயே நின்றாள். கண் இன்னும் சிவந்திருந்தது.

"ஆர் சேர் அதை வச்சது? எங்களுக்குப் பயம் தெளியத்தானே உங்கடதெண்டு சொன்னனீங்கள்."

"தெரியாது, பிள்ளை."

"நாங்கள் விளையாடுற இடமெண்டு அவைக்குத் தெரியுந்தானே?"

"தெரியாமத்தான் வச்சிருப்பினம்."

"இல்லை, சேர்." அவள் கருகின பற்றையைப் பார்த்தபடியே சொன்னாள். "அண்ணாவுக்கு வச்சவைதான் இதையும் வச்சிருக்கினம். அப்பிடித்தானே, சேர்?"

நான் அவளுடைய கைகளைப் பார்த்தேன். இரண்டும் இருந்தன.

"ஓம், பிள்ளை" என்றேன். "அவைதான்."