சொந்தக்காரர் வராத சத்தம்

வெள்ளிக்குன்றில் தொலைநோக்கியின் காதில் விழும் ஒவ்வொரு சத்தத்துக்கும் அதன் சொந்தக்காரர் நேரில் வந்து, என்னுடையதுதான் என்று சொல்லிவிட்டு, அதை நிறுத்திவிட வேண்டும். குன்றின் மேல் நிற்கும் அந்தத் தொலைநோக்கியின் பெரிய இரும்புக் கிண்ணம் வேற்றுலகத்தாரின் ரேடியோ பேச்சைக் கேட்பதற்காக வைத்தது. ஆனால் அதற்கு ஊர்ச் சத்தம்தான் முதலில் கேட்கும். மேலத்தெரு முழுக்க மிக்ஸியை விட்டு அம்மிக்கு வந்தாயிற்று. செல்போன்களைக் கிணற்றில் போட்டாயிற்று. யாரும் முணுமுணுக்கவில்லை.

அன்று காலை தொலைநோக்கி நிலையத்து அதிகாரி வஹிதா மேடம் முற்றத்தில் ஒலிபெருக்கியை வைத்துப் புதுச் சத்தத்தைப் போட்டார். டிக். சற்று இடைவெளி. டிக்.

கூட்டத்தில் நின்ற செண்பகவல்லிக்கு அது என்னவென்று உடனே தெரிந்துவிட்டது. அது அவள் கணவர் குற்றாலிங்கத்தின் நெஞ்சுக்குள், இதயம் நிற்காமலிருக்க டாக்டர் வைத்த பேஸ்மேக்கர். தினமும் காதை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் அவள் தூங்குவாள்.

"கிண்ணத்தை வேற பக்கம் திருப்பிப் பாத்தீங்களா?" என்றார் தபால்காரர். திருப்பிய பிறகும் கேட்டால் ஊர்ச் சத்தம், நின்றுபோனால் வானத்துச் சத்தம். இது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

"திருப்பினா நிக்குது. முதல்ல பாத்த நட்சத்திரத்துக்கு நேரா வச்சா மறுபடி வருது" என்றார் மேடம். "உச்சிவேளைக்குள்ள யாரும் வரலைன்னா நட்சத்திரத்தோடதுன்னு உலகத்துக்குச் சொல்லிடுவோம்."

ஏன் நிற்கிறது என்பது செண்பகவல்லிக்குத் தெரியும். அந்த நட்சத்திரம் இருக்கும் பக்கம்தான் அவர்கள் மொட்டைமாடி. கிண்ணம் திரும்பும்போது எழும் கிறீச் பிடிக்காமல் மாடியில் இருக்கும் குற்றாலிங்கம் கீழே இறங்கிவிடுவார்; அது பழைய இடத்துக்கு வந்து ஓய்ந்ததும் மறுபடி ஏறுவார்.

சொன்னால் நிறுத்த வேண்டிவரும், புருஷன் போய்விடுவார்; சொல்லாவிட்டால் உலகம் ஏமாறும். ஏமாறட்டுமே, உலகத்துக்கு அது புதிதா என்று நினைத்துக்கொண்டாள். ஆனாலும் குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுத்தது.

"ஏட்டி, எங்கயோ கேட்ட சத்தமாட்டம் இல்ல?" என்றாள் பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள்.

"எனக்கென்னக்கா தெரியும்" என்றாள் செண்பகவல்லி.

நிழல் காலடிக்கு வந்த நேரத்தில் ஒருவர் வாசல் கம்பிக்கதவைத் திறந்துகொண்டு வந்தார். தேய்த்த சட்டை, கையில் மஞ்சள் பை.

"அந்த நட்சத்திரத்துலேருந்து வர்றேன். எங்களோடதுதாங்க. தொந்தரவுக்கு மன்னிக்கணும்."

மேடம் தலையசைத்தார். "நிறுத்திடணும். அதான் இங்க வழக்கம்."

"வீட்டுக்குப் போனதும் மொத வேலையா நிறுத்திடறேன்."

செண்பகவல்லி கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள். "அண்ணே, வீடு ரொம்ப தூரமோ?"

"வெளிச்சமே போய்ச் சேர நாப்பது வருஷம் ஆகும்மா. நமக்கு பஸ் ஏது, நடைதான்."

குற்றாலிங்கத்துக்கு அறுபத்தேழு வயது. மனதுக்குள் நாற்பதைக் கூட்டிப் பார்த்தாள்; இவர் போய் நிறுத்தியும் டிக் நிற்கவில்லையே என்று ஊர் தேடத் தொடங்குவது அதற்கும் பிறகுதான். பிறகு வீட்டுக்கு ஓடிப்போய் ஒரு செம்பு மோர் கொண்டுவந்து வந்தவரிடம் கொடுத்தாள்.

"மெதுவாப் போங்கண்ணே" என்றாள். "பதறாத காரியம் சிதறாது."