நூற்றைம்பத்தேழு

அனு மலைமேலிருந்து விழுந்திருந்தாலாவது பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். தினமும் விடிந்ததும் சிங்கவரத்திலிருந்து செஞ்சிக்குச் சைக்கிள் மிதித்து, கோட்டை அடிவாரத்தில் நாலு ரவுண்டு ஓடிவிட்டு, அப்படியே ஜெராக்ஸ் கடை வேலைக்குப் போகிறவள். தார் ரோட்டில் யாரோ காயப்போட்டிருந்த உளுந்துச் செடிமேல் வண்டியை விட்டாள். காய்ந்த கொடி செயினில் சுற்றிக்கொண்டது. வண்டி ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு துண்டு. ரோடு என்ன உங்கள் வீட்டுக் களமா என்று யாரைப் போய்க் கேட்பது? ஊரே அங்கேதான் காயப்போடுகிறது, அனுவின் அம்மா மீனம்பாள் உட்பட.

விழுந்ததுதான் விழுந்தாள், நேரம் பார்த்தா விழுந்தாள்! போலீஸ் வேலைக்கான எழுத்துத் தேர்வில் பாஸாகி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அடுத்தது உடல் தகுதித் தேர்வு. முதலில் உயரம் அளப்பார்கள், பிறகு நானூறு மீட்டர் ஓட்டம், தாண்டுவது, பந்து எறிவது. அதற்கு ஐந்து மாதம் இருந்தது. அனுவுக்கு வயது முப்பது. அடுத்த தடவை விண்ணப்பம் போடவே முடியாது. பெண் கேட்டு வந்தவர்களையெல்லாம் வேலை கிடைக்கட்டும் என்று திருப்பி அனுப்பியவள் அவள்.

அவள் உயரம் நூற்றைம்பத்தேழு சென்டிமீட்டர். போலீஸில் அவள் பிரிவுக்குக் கேட்பதும் அதே நூற்றைம்பத்தேழுதான். "என் பொண்ணு அளவெடுத்துத்தான் பொறந்திருக்கு" என்று மீனம்பாள் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள். போன முறை உயரத்தில் தேறி, ஓட்டத்தில் மூன்று வினாடியில் கோட்டை விட்டாள். ஆகவே ஓட்டம்தான் அவளுக்குப் பயம். வேறெதுவும் கண்ணில் படவில்லை.

விழுந்த அன்று, அவள் நைனா என்று கூப்பிடும் அப்பா பொன்னுசாமி கொத்துவேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து ஆட்டோ பிடித்தார். "ஆஸ்பத்திரிக்கு உடுப்பா" என்றார்.

"வேணாம். அவலூர்பேட்ட ரோட்ல கட்டு கட்றவரு கிட்ட உடச் சொல்லு" என்றாள் அனு, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டே.

"எலும்பு உடைஞ்சிருக்குதும்மா."

"ஆஸ்பத்திரியில மாவுக்கட்டு போட்டா சதை வத்திடும் நைனா. எதுத்த ஊட்டு காமராஜ் அண்ணன் கால பாத்தியா? கட்டு பிரிச்சப்ப முருங்கக்காயாட்டம் இருந்துச்சு. அப்புறம் நான் எங்க ஓடறது?"

"மொதல்ல காலு கூடட்டும்."

"இன்னா நைனா பேசற? அஞ்சு மாசந்தான் இருக்குது!"

அவர் ஆட்டோக்காரரிடம் வழியைச் சொன்னார். படித்த பெண் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிற மனுஷன். ஆட்டோ திரும்பியது.

கட்டுக்காரர் எலும்பை நீவிச் சேர்த்து, மூங்கில் பத்தை வைத்து, முட்டை வெள்ளைக்கரு தடவிய துணியால் சுற்றினார். "ஆறு வாரம் கால அசைக்கக் கூடாது. அசைச்சா எலும்பு ஒண்ணுமேல ஒண்ணு ஏறிக்கும், நான் பொறுப்பில்ல" என்றார். அனு தலையை நன்றாக ஆட்டிவிட்டு வந்தாள்.

வந்த மறுநாளே ஆரம்பித்துவிட்டாள். விட்டத்தில் கயிறு கட்டி உடம்பைத் தூக்கினாள். பெயிண்ட் டப்பாவில் மணல் நிரப்பிக் கைக்கு வேலை கொடுத்தாள். கட்டிலில் உட்கார்ந்தபடி வாசலுக்குப் பந்து எறிவாள், எடுத்துவருவது மீனம்பாள். "உன்னாட்டம் நான் ஓடினா எனக்கே போலீஸ் வேலை குடுத்துடுவாங்கடி" என்று மூச்சு வாங்கிக்கொண்டே அம்மா சிரிப்பாள். அந்த வீட்டில் அப்படிச் சிரித்து வெகுநாளாகியிருந்தது.

இத்தோடு நின்றிருக்கக் கூடாதா! பத்தாவது நாள், கட்டுப்போட்ட காலில் பையை மாட்டி, பைக்குள் ஒரு செங்கல்லை வைத்து, அந்தக் காலைத் தூக்கித் தூக்கி இறக்கினாள்.

"அந்தாளு அசைக்கக் கூடாதுன்னாரேடி" என்றாள் மீனம்பாள்.

"தூக்கறேன், அவ்ளோதான். எங்க அசைக்கறேன்?"

வலி உயிரை எடுத்தது. வலித்தால்தான் சதை ஏறும் என்று போன் வீடியோவில் எவனோ சொல்லியிருந்தான். கண்ணீர் வழிய வழிய ஒரு நாளைக்கு நாற்பது தடவை தூக்கினாள்.

கட்டுப் பிரித்த அன்று முதல் வேலையாக, ஜாக்கெட் தைக்கும் அளவு டேப்பை எடுத்துக் கெண்டைச்சதையைச் சுற்றி அளந்தாள். இரண்டு காலும் ஏறக்குறைய ஒரே சுற்றளவு. "பாத்தியா நைனா! வத்தவே இல்ல!" என்று கத்தினாள். பொன்னுசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார். நீளத்தை அளக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. முப்பது வயதில் யார் உயரத்தை அளந்து பார்க்கிறார்கள்?

நடை கொஞ்சம் சாய்ந்தது. கட்டுப் பிரித்தால் எல்லாருக்கும் நாலு நாள் நொண்டும் என்றாள் மீனம்பாள். மூன்று மாதமாகியும் சாய்ந்தது. ஆனால் அனு ஓடினாள். தேர்வுக்கு முந்தைய வாரம், போன முறையைவிட எட்டு வினாடி குறைவாக ஓடி முடித்தாள். இந்த முறை வேலை கிடைத்துவிடும் என்று நிஜமாகவே நம்பினாள்.

விழுப்புரம் மைதானத்தில் உயரம் அளக்கும் கம்பத்தில் முதுகை ஒட்டி நின்றாள். மேலே பலகை வந்து தலையைத் தொட்டது.

"குதிகாலக் கீழ வைம்மா" என்றார் அளந்த அம்மா.

"வச்சிருக்கேன் மேடம்."

"வலது குதிகால்."

அனு குனிந்து பார்த்தாள். வலது குதிகாலுக்கும் தரைக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடம் இருந்தது. அவளுக்குத் தெரியாமலே அது தூக்கிக்கொண்டு நின்றது. மெதுவாக அழுத்தி வைத்தாள். இடுப்பு ஒரு பக்கம் இறங்கியது, பலகையும் கூடவே இறங்கியது.

"நூத்தி அம்பத்தாறு."

"மேடம், எடது கால்ல நின்னா சரியா வரும் மேடம். போன தடவ வந்துச்சு."

"ரெண்டு கால்லயும் நிக்கணும்மா."

அந்த அம்மா நல்லவர். இன்னும் இரண்டு தடவை அளந்தார். மூன்றாவது தடவை அளந்துவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் எழுதினார். வெளியே வந்து வேலி ஓரம் நின்று மற்ற பெண்கள் ஓடுவதைப் பார்த்தாள் அனு. அதில் பாதிப் பேரை அவள் தோற்கடித்திருப்பாள்.

வீட்டு வாசலில் மீனம்பாள் சொம்புத் தண்ணீரோடு நின்றிருந்தாள். "எவ்ளோ நேரத்துல ஓடின?"

"ஓடவே உடலம்மா. உயரம் பத்தல. காலு குட்டையாயிடுச்சு."

சொம்பு அம்மாவின் கையிலேயே இருந்தது. பொன்னுசாமி மகளின் காலைப் பார்த்தார். ஒரு வார்த்தை திட்டினால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

"அன்னிக்கி ஆட்டோவ அந்தப் பக்கம் உட்டது நானுதான். என் தப்பும்மா" என்றார் அவர்.

"நான்தான நைனா உடச் சொன்னேன்" என்று சொல்ல வாயெடுத்தாள். அழுகைதான் வந்தது.

மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு வழக்கம்போல் விழிப்பு வந்தது. எழுந்து பாயைப் பாதி சுருட்டியவள், மறுபடி விரித்துப் படுத்துக்கொண்டாள்.