நாற்பதுக்கு ஒன்று

அம்சம் செருப்பைக் கழற்றிவிட்டுத் தராசில் ஏறியபோது வீரையன் எண்ணைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைத்தான் பார்த்தான். நாற்பது நாளில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பாபநாசத்துக்குப் பக்கத்தில் துரைராசுவின் நெல் மண்டியில் எடை போடுகிறவன் அவன். மூட்டைகளோடு நின்ற விவசாயிகள், எடைக்காரன் பெண்டாட்டி என்பதால் பேசாமல் வழிவிட்டார்கள்.

"எழுபத்தாறுங்க! நல்லாப் பாருங்க, எழுபத்தாறு!" என்றாள் அம்சம்.

மகள் எழில்மொழிக்கு இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டன. வாரம் மூன்று தடவை தஞ்சாவூரில் டயாலிசிஸ். அம்மாவின் சிறுநீரகம் பொருந்தியது, எடைதான் ஒத்துவரவில்லை. ஆஸ்பத்திரியில் எண்பத்திரண்டு காட்டியது. "எழுபத்தாறுக்கு வாங்க. மாசம் ரெண்டு கிலோ, மூணு மாசம். அதுக்கு மேல ஆசைப்படாதீங்க, பட்டினி கெடந்து ஒடம்பக் கெடுத்துக்கிட்டா ஆபரேஷனே பண்ண முடியாது" என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொன்னார்.

அம்சமும் தலையாட்டிவிட்டுத்தான் வந்தாள். மூன்றாம் நாள் இந்தத் தராசில் ஏறினாள். எண்பது. "மூணே நாள்ல ரெண்டு கிலோ! அந்தம்மாவுக்கு என் ஒடம்பப் பத்தி என்னங்க தெரியும்?" என்று துள்ளினாள். அங்கேயே நின்று தானாக ஒரு கெடு வைத்தாள்: நாற்பது நாள். அதன்பின் சோற்றைத் தொடவில்லை. பகலில் மோர், ராத்திரி ஒரு கிண்ணம் கொள்ளு. போன வாரம் துணி துவைக்கும் கல்லடியில் மயங்கி விழுந்ததை மகளிடம் சொல்லக்கூடாது என்று அவனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

அந்தத் தராசு நாற்பது கிலோவுக்கு ஒரு கிலோ தின்னும். முதலாளியின் ஏற்பாடு. வீரையனின் கைக்கு அது பழகிவிட்டது, மனசுக்கும் பழகிவிட்டது என்றே நினைத்திருந்தான். முதல் நாளே சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் அண்ணன் நெல்லும் இதில்தானே ஏறி இறங்கியது? அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளினான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள். பெண்டாட்டி சோறே தின்னாத வீட்டில் எதில் மறைப்பது?

அம்சம் தராசில் நின்றபடியே போனை எடுத்து மகளுக்குப் போட்டாள். மணி போகும் சத்தம் அவனுக்கும் கேட்டது.

"அம்சம், வேணாம். கட் பண்ணு."

"ஏங்க?"

"இது கொறைச்சுக் காட்டுது."

அவன் மெதுவாகத்தான் சொன்னான். ஆனாலும் மூட்டைகளோடு நின்றவர்கள் காதில் விழுந்துவிட்டது. அம்சம் இறங்கவில்லை.

"நெசமா எவ்வளவு?"

வீரையன் துரைராசுவின் அறைப் பக்கம் ஒரு தடவை பார்த்தான். பிறகு குனிந்து, தனக்கும் முதலாளிக்கும் மட்டும் தெரிந்த இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினான். சிவப்பு எண் அணைந்து மறுபடி எரிந்தது. எழுபத்தெட்டு.

"மொத நாளே தெரியுமா ஒங்களுக்கு?"

"தெரியும்."

திட்டுவாள் என்று நினைத்தான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். போனில் எழில்மொழி, "அம்மா? எழுபத்தாறு வந்துடுச்சாம்மா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இல்லடி." அம்சம் எண்ணை இன்னொரு தடவை பார்த்தாள். "இன்னும் ரெண்டு கிலோ இருக்கு. டாக்டரம்மா சொன்னபடி ஒரு மாசம் ஆவும். நீ தாங்கிக்குவியா?"

மகள் சொன்ன பதில் வீரையனுக்குக் கேட்கவில்லை. அம்சம் கண்ணை மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள்.

பின்னால் தொம்மென்று ஒரு சத்தம். காலையில் எடை முடிந்து லாரியில் ஏற்றிய தன் மூட்டைகளில் ஒன்றை விவசாயி இராஜாங்கம் தோளிலேயே இறக்கிக்கொண்டு வந்திருந்தார்.

"கொஞ்சம் எறங்கும்மா" என்றார் அவர். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் லாரியில் ஏறிக்கொண்டிருந்தார்கள்.