நரிக்கூண்டுக்கு எதிரே ஒரு தூக்கம்

நரி முகத்தில் முழித்தால் நினைத்தது நடக்கும் என்பார்கள். சொல்வது சுலபம். இருங்காட்டுக்கோட்டையில் நரிக்கு எங்கே போவது? திரும்பின பக்கமெல்லாம் கன்டெய்னர் லாரியும் வாடகை ரூமும்தான். ஆனால் செல்போன் கம்பெனியில் வேலை பார்க்கிற மஞ்சுளா ஒன்றை நினைத்துவிட்டால் விடுகிற ஆள் இல்லை. டிக்கெட் எடுத்தால் நரி முகத்தைக் காட்டுகிற மிருகக்காட்சிசாலை வண்டலூரில் இருக்கிறதே!

அன்று மதியம் அவள் புருஷன் தமிழ்வாணனுக்கு இன்டர்வியூ. ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வருஷக்கணக்காகக் கான்ட்ராக்டில் கிடக்கிறவனைப் பெர்மனென்ட் ஆக்கலாமா என்று பார்க்கப் போகிறார்கள். போன வருஷமும் கூப்பிட்டார்கள். தோற்றுத் திரும்பியவன் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "காலைல உன் மூஞ்சில முழிச்சேன், எங்க வெளங்கும்?" என்றான். சொன்னவன் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிட்டான். கேட்டவளுக்குத்தான் அன்றையிலிருந்து தொண்டையில் முள். இந்த முறையும் வேலை கிடைக்காவிட்டால் தன் முகத்துக்கு ராசியில்லை என்பது முடிவாகிவிடும் என்று உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தாள். வெளியில் காட்டிக்கொண்டால் அவள் மஞ்சுளாவா?

இதில் ஒரு சிக்கல் இருந்தது. தமிழ்வாணனுக்கு நைட் ஷிப்ட். ராத்திரி பூராவும் முழித்திருந்தவன் காலையில் எங்கிருந்து முழிப்பது? தூங்கினால்தானே முழிப்பு! அதற்கும் அவள் வழி வைத்திருந்தாள். நரிக்கூண்டுக்கு எதிரே படுத்துத் தூங்க வேண்டியது, நரியைப் பார்த்தபடி எழுந்திருக்க வேண்டியது.

"தூங்கறதுக்கு டிக்கெட் எடுத்த மொத ஆளு நான்தான்" என்றான் அவன், பஸ்ஸை விட்டு இறங்கும்போது.

"பேசாம வாய்யா. பஸ்லயே தூங்கிடப் போறன்னு எனக்கு உயிரே இல்ல."

உள்ளே வந்த கூட்டமெல்லாம் புலியைப் பார்க்க ஓடியது. இவர்கள் மட்டும் யாரும் சீந்தாத பிராணிகள் இருக்கிற பக்கம் நடந்தார்கள். ராத்திரியில் மட்டும் நடமாடுகிற மரநாய் ஒன்று கிளைக்கவட்டில் சுருண்டு தூங்கியது.

"நம்ம ஷிப்டு" என்றான் தமிழ்வாணன்.

நீர்நாய்கள் தண்ணீரில் முட்டி மோதிக்கொண்டிருந்தன. கழுதைப்புலியின் முன்னால் அவன் நின்றே விட்டான். "இத்தப் பாரேன் மஞ்சு. கழுதையும் இல்ல, புலியும் இல்ல. கம்பெனி யூனிபார்ம் போட்டுக்கினாலும் கம்பெனி ஆளு இல்லன்றாங்க பாரு, என்ன மாதிரியே கீது."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு அவனை இழுத்துப் போனாள்.

நரிகள் இரண்டு இருந்தன. இரண்டும் புதருக்கடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நல்ல தூக்கம். எதிரே நிழலில் ஒரு சிமென்ட் பெஞ்சு இருந்தது. பையைத் தலைக்கு வைத்துப் படுத்தவன், கொட்டாவி முடிவதற்குள் குறட்டை விட ஆரம்பித்தான்.

மஞ்சுளா காவல் உட்கார்ந்தாள். சத்தம் போட்டு வந்த பிள்ளைகளைக் கண்ணாலேயே விரட்டினாள். அந்தப் பக்கம் வந்த ஒரு அம்மாள், "அவருக்கு ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள்.

"இல்லக்கா. நரிக்காக வெயிட்டிங்."

அந்த அம்மாள் அதற்குமேல் அங்கே நிற்கவில்லை.

வெயில் பெஞ்சுவரைக்கும் வந்துவிட்டது. மஞ்சுளா வல்லக்கோட்டை முருகனை வேண்டிக்கொண்டாள். யார் கேட்டார்களோ, ஒரு நரி எழுந்து சோம்பல் முறித்தது. நேரே கம்பி வேலிவரைக்கும் வந்து நின்று பார்த்தது. தெருநாய்க்கு மூக்கை மட்டும் கொஞ்சம் சீவிவிட்டது போல இருந்தது. இதற்கா இத்தனை பேரும் புகழும் என்று அவளுக்குத் தோன்றியது. உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

இனி எழுப்ப வேண்டியதுதான். ஆனால் கண்ணைத் திறந்ததும் தன் முகம் பட்டுவிட்டால்? மஞ்சுளா பெஞ்சுக்குப் பின்னால் போய்க் குந்திக்கொண்டாள். கையை மட்டும் நீட்டி அவன் தோளை உலுக்கினாள்.

"ஏந்திருய்யா, ஏந்திரு! எதிர்ல பாரு!"

தமிழ்வாணன் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தான். பக்கத்தில் அவளைக் காணவில்லை. "மஞ்சு?" என்று பதறியவன் நரி இருந்த பக்கம் திரும்பவே இல்லை. பின்னால் திரும்பிப் பெஞ்சுக்கு மேலே எட்டிப் பார்த்தான். நேரே அவள் முகம்.

"அய்யோ, கெடுத்தியே! அங்க பாருய்யா!"

அவன் பார்ப்பதற்குள் நரி புதருக்குள் போய்விட்டது.

"பின்னாடி எதுக்குக் குந்திக்கினுகீற?"

மஞ்சுளாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "நீதான சொன்ன? என் மூஞ்சில முழிச்சதாலதான் வேல போச்சுன்னு. ஒரு வருசமா அதயே நெனச்சிக்கினு கீறேன்."

அப்படிச் சொன்னதே அவனுக்கு நினைவில்லை. யோசித்துப் பார்த்த பிறகு முகம் சுண்டிப் போயிற்று. வேலிப் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அன்னிக்கு ஒரு கேள்வி கேட்டாங்க மஞ்சு. லைன்ல பீஸ் ரிஜெக்ட் ஆச்சுன்னா மொதல்ல இன்னா பண்ணுவன்னு. யாரு பண்ணதுன்னு கண்டுபுடிப்பேன்னேன். சிரிச்சிட்டாங்க. யாருன்னு தேடக் கூடாதாம், எதனாலன்னு தேடணுமாம்."

"அட லூசு! எங்க செல்போன் கம்பெனில அத செவுத்துக்குச் செவுரு ஒட்டி வச்சிகீறாங்க. என்னக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல? இன்டர்வியூல கேக்கறது மொத்தமும் எனக்குத் தெரியும்யா."

"உன் மூஞ்சப் பாத்துக் கேக்க வெக்கமா இருந்துச்சு."

மஞ்சுளா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பெஞ்சைச் சுற்றி வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். தாடையைப் பிடித்து அவன் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"இப்பப் பாத்துக் கேளு" என்றாள்.