றிஸ்மியின் நீளம்

கல்முனையில் குளிர்சாதனப் பெட்டி விற்கும் ஸிராஜ் ஹாஜியாருக்கு ஒரேயொரு கொள்கைதான். விலை விசாரித்தவர் ஒன்றில் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் மௌத்தாக வேண்டும். அதுவரை விசாரித்தவர் பின்னால் அலைவதற்கு வைத்திருந்த ஆள்தான் றிஸ்மி. வயல் பக்கம், சம்மாந்துறைப் பிள்ளை. மீனைச் சட்டியில் மட்டும் கண்டவன்.

அந்த மாதம் விசாரித்தவர்கள் எல்லோரும் கைவிரித்து, ஒருவர் மட்டும் மிஞ்சினார். ஒலுவில் றஸாக் காக்கா. மேல்மூடி வைத்த பெரிய பிறீசர் பற்றிக் கேட்டிருந்தார்.

"இவரையும் விட்டியெண்டா மோட்டச்சைக்கிள் திறப்ப மேசையில வெச்சிட்டு ஊருக்குப் போ" என்றார் ஹாஜியார்.

றிஸ்மி போன் எடுத்தான்.

"நீளம் எவ்வளவு மனே?" என்று கேட்டார் றஸாக் காக்கா.

அளவு ஞாபகமில்லை. ஞாபகமில்லை என்று வியாபாரி சொல்லலாமா? "நான் மல்லாந்து படுத்தாலும் இடம் மிஞ்சும் காக்கா" என்றான்.

றஸாக் காக்கா அதையே பிடித்துக்கொண்டார். "அப்ப நீங்களே வாங்க. அளவெழுதின கடதாசி ஒண்டும் வேணா. ஒங்கட உடம்புதான் வேணும்."

காரைதீவு தாண்டும்போதுதான் அந்தப் பேச்சு அவனுக்கு உறைத்தது. நம் ஆட்கள் மையித்தை அன்றன்றே அடக்கிவிடுவார்கள். ஆள் நீளத்துக்குக் குளிர்ப்பெட்டி தேடுகிறவர் யாரை அடக்காமல் வைக்கப் பார்க்கிறார்? மோட்டச்சைக்கிளைத் திருப்பினான். மேசையில் வைக்கச் சொன்ன திறப்பு, அந்த வண்டிச் சாவி, நினைவுக்கு வந்தது. மறுபடி திருப்பினான். அவன் திருப்பித் திருப்பியே தார் றோட்டு அந்த இடத்தில் குழிந்துபோய், மழை பெய்தால் இன்றைக்கும் அதில் வாத்து நீந்துகிறது.

ஒலுவிலில் உயர்ந்த மதில். உள்ளே றஸாக் காக்கா கல்லில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். முற்றத்துப் பாயில் ஆள் நீளத்துக்கு எதுவோ கிடந்தது. ஈர வெள்ளைச் சீலையால் முழுக்க மூடியிருந்தார்கள். சீலையில் இரத்தம்.

"சுபைறா, கேட்ட மூடு" என்றார் மனைவியிடம். பிறகு, "மனே, அதுக்குப் பக்கத்தில படுங்க."

"எ... எதுக்குக் காக்கா?"

"நீங்கதானே படுக்கலாமெண்டு சொன்ன. இப்ப என்ன?"

"பொடியன் நடுங்குறான். முதல்ல தண்ணி குடுங்க" என்றாள் சுபைறா.

"எழும்பினாக் குடுப்பம்."

ஓடலாம் என்றால் கேட் பூட்டிக்கிடந்தது. ஓடினாலும் மோட்டச்சைக்கிள் திறப்பும் வேலையும் போய்விடும். றிஸ்மி கலிமாவைச் சொல்லிக்கொண்டு படுத்தான். பக்கத்தில் கிடந்தது தோளில் முட்டியது. குளிர்ந்திருந்தது. கத்தியின் நிழல் அவன் தலையிலிருந்து காலுக்கு மெல்ல நகர்ந்தது. பயத்தில் அவனுடைய மூட்டெல்லாம் கழன்று, ஆள் அப்படியே நீண்டான்.

றஸாக் காக்கா குதிக்காலுக்கு நேரே பாயில் ஒரு கோடு கீறினார். சீலையை இழுத்தார். தேநீர்ப் பீரிசு அளவில் ஒரு கண் றிஸ்மியைப் பார்த்தது. சூரை மீன்.

"மகள்ட கலியாணத்தண்டு மாப்பிள்ள வீட்டுக்கு இத முழுசா அனுப்ப வேணும்" என்றார். "ஒங்கட நீளத்துக்குள்ள வால் அடங்கிட்டு. அப்ப பெட்டிக்குள்ளயும் அடங்கும். நாளைக்கே அனுப்புங்க."

"அந்தக் கத்தி?"

"நீங்க கட்டையெண்டா மீன வெட்டிப் பங்கு வெச்சிருப்பன். பெட்டி தேவப்பட்டிராது."

நீண்டது பிறகு சுருங்கவேயில்லை. கடைக்குத் திரும்பிய றிஸ்மியின் களிசான் கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே நின்றது. ஹாஜியாருக்கு வாயெல்லாம் பல்.

"மாளிகைக்காட்டிலயிருந்தும் ஒருத்தர் விசாரிச்சிரிக்கார். அவர்ட மீன் இதவிடப் பெரிசாம்."

றிஸ்மி தன் களிசானைக் குனிந்து பார்த்தான். திறப்பை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, சம்மாந்துறை பஸ்ஸில் தலை முட்டாமல் குனிந்து ஏறினான்.