சர்வேயர் வீட்டுக் கலவை

காபி என்று யாராவது வாயெடுத்தால் போதும், சர்வேயர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். நிலம் அளக்கும் வேலையிலிருந்து ஓய்வுபெற்று ஒன்பது வருஷம் ஆகிறது. அளக்க நிலம் இல்லாத குறையை வாயால் தீர்த்துக்கொண்டிருந்தார். பேங்க் வரிசை, முடிவெட்டும் கடை, பல் டாக்டரின் காத்திருப்பு அறை, எங்கே உட்கார்ந்தாலும் காபியின் பெருமைதான். "ஒரு நாளைக்கு ஆறு கப். பதினோரு வருஷமா ஒரே கலவை. என் உடம்பைப் பாருங்க" என்று நெஞ்சைத் தட்டிக் காட்டுவார்.

அவர் நெஞ்சைத் தட்டும்போதெல்லாம் காபிக்கடை அக்கா வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள். அவர் இத்தனை பெருமையாகக் குடிக்கும் அந்தக் கலவையில் காபி இல்லை. இருக்கிறது என்று சொல்ல வேண்டுமானால் நூறு பங்கில் மூன்று பங்கு இருந்தது, அதுவும் வாசனைக்கு.

அக்கா பச்சைக் கொட்டை வாங்கி, தானே வறுத்து, அரைத்து விற்பவள். அவளைவிட மூத்தவர்களில் பலரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், அவளும் திருத்துவதில்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் சர்வேயரின் மனைவி ஒரு மருத்துவச் சீட்டோடு கடைக்கு வந்தாள். சர்வேயரின் இதயம் நடுநடுவே தாளம் தப்பித் துடிக்கிறதாம், காபியை அடியோடு நிறுத்தச் சொல்லிவிட்டார் டாக்டர். "டாக்டர் வேணும்னா நிறுத்தட்டும்" என்று சொல்லிவிட்டு ஏழாவது கப் கேட்டாராம் இந்த மனுஷன்.

"மாசம் ஒரு ஸ்பூன் குறைச்சுட்டு, அந்த இடத்துல வறுத்த பார்லியப் போட்டுத் தர முடியுமா தங்கச்சி?"

அக்கா முதலில் முடியாது என்றுதான் சொன்னாள். காபி என்று எழுதிய பாக்கெட்டில் வேறொன்றைப் போட்டால் இத்தனை வருஷம் கட்டிக் காத்த பேர் என்னாவது? அந்த அம்மாள் வாதாடவில்லை, அழவுமில்லை. சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். கடைசியில் அக்காவே இறங்கி வந்தாள். பாக்கெட்டின் மேல் காபி என்ற வார்த்தையே இருக்காது, "சர்வேயர் வீட்டுக் கலவை" என்று மட்டும் எழுதலாம் என்று முடிவானது.

அதற்குப் பிறகு அந்த அம்மாள் செய்ததை நினைத்தால் அக்காவுக்கு இன்றும் ஆச்சரியம் தீராது. பார்லியைக் கருகும் பக்குவத்துக்கு ஒரு நொடி முன்னால் எடுக்கச் சொன்னாள். கசப்புக்கும் நிறத்துக்கும் சிக்கரி எவ்வளவு என்று நாக்கில் வைத்து வைத்துப் பார்த்துக் கண்டுபிடித்தாள். பதினாலு மாசத்தில் காபி வாசனைக்கு மட்டும் என்று இறங்கி, அந்த இடத்தில் பார்லி ஏறிவிட்டது. அந்தக் கடைசி மாசம்தான் சர்வேயர் கடைக்கே வந்து சொன்னார்: "இப்பதாம்மா கலவை கூடி வந்திருக்கு. முதல் வாய் உள்ள போனதும் மூளையில விளக்கு எரியுது."

இப்போது அந்த அம்மாள் ஊரில் இல்லை. அவளுடைய மூத்த சகோதரிக்கு முழங்கால் ஆபரேஷன், ஒரு மாசம் கூட இருக்கப் போயிருக்கிறாள். கிளம்பும் முன்னால் கடைக்கு வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவருக்குத் தெரிஞ்சா மறுநாளே ஆறு கப்பும் நிஜக் காபியா ஆரம்பிச்சிடுவாரு. இத்தனை வருஷம் ஏமாத்திட்டேன்னு என்கிட்ட பேசவும் மாட்டாரு. ரெண்டையும் என்னால தாங்க முடியாது. பார்த்துக்கோ."

பார்த்துக்கொள்வதில் என்ன கஷ்டம் என்று அக்கா நினைத்தாள். பத்தாம் நாள் சனிக்கிழமை காலையில், கடையின் பின்கட்டில் அவள் நடத்தும் காபி வகுப்புக்குள் சர்வேயரே வந்து முன்வரிசையில் உட்கார்ந்தபோதுதான் கஷ்டம் என்னவென்று புரிந்தது.

"அவ இல்லாம கை வரலைம்மா. அதே தூள், அதே தண்ணி, ஆனா ருசி இல்ல. கத்துக்கிட்டே போறேன்."

புதிதாகக் காபி பழகுகிறவர்களுக்கான வகுப்பு அது. பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். நீளமான மேஜை, ஆளுக்கு ஒரு கண்ணாடிக் குவளை, அதன்மேல் காகித வடிகட்டி, ஒரு சின்னத் தராசு. அக்கா எத்தியோப்பியாவில் ஆரம்பித்தாள். காட்டுச் செடியின் சிவப்புப் பழத்தைத் தின்றுவிட்டு ஆடுகள் துள்ளின, மேய்த்தவன் பார்த்தான் என்று ஒரு கதை சொல்வார்கள், அதற்குச் சாட்சி யாருமில்லை என்றாள். "ஆடுகளே சாட்சிதானே" என்றார் சர்வேயர். அங்கிருந்து கடல் தாண்டி ஏமனுக்குப் போனது, ராத்திரி பிரார்த்தனையில் கண் சொருகாமலிருக்க அங்கே குடித்தார்கள் என்றாள். அதையும் அவர் முந்திக்கொண்டு முடித்துவைத்தார். பழத்துக்குள் இரண்டு விதைகள் முகத்தோடு முகம் வைத்துப் படுத்திருப்பதை அக்கா பிளந்து காட்டினாள். இருபது வருஷமாகக் காட்டுகிறாள், காட்டும்போது இன்னும் அவளுக்கே சந்தோஷமாக இருக்கும். பச்சையாக இருக்கும்போது புல் வாசனை வீசும் இந்தக் கொட்டைக்குள்ளிருந்து அத்தனை மணம் எப்படித்தான் வருகிறதோ என்று அவள் சொன்னபோது வகுப்பே கையிலிருந்த கொட்டையை மோந்து பார்த்தது.

"காபியால என்ன நன்மைக்கா?" என்று பேங்கில் வேலை பார்க்கும் பெண் கேட்டாள்.

"சுறுசுறுப்பு வரும், கவனம் நிக்கும். ஆனா எல்லா உடம்புக்கும் ஒத்துக்காது. நெஞ்சு படபடக்கிறவங்க டாக்டரைக் கேட்டுட்டுத்தான் குடிக்கணும்."

"அதெல்லாம் சும்மா. என்னைப் பாரும்மா" என்று சர்வேயர் நெஞ்சைத் தட்டினார்.

காபி போடும் கட்டம் வந்தது. மற்றவர்களுக்கு அன்று காலை வறுத்த தூள். சர்வேயர் முன்னால் மட்டும் அவர் வீட்டுக் கலவையை வைத்தாள் அக்கா. "உங்களுக்குப் பழகினதுலயே பழகுங்க சார்." அவர் மகிழ்ந்துபோய், "எனக்குன்னே போடுற கலவை" என்று பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் பாக்கெட்டைக் காட்டினார். நிஜக் காபி அவர் வாய்க்குப் போகாமல் தடுத்துவிட்டோம் என்ற நிம்மதியில் அக்காவின் வாய் தன் பாட்டுக்கு ஓடியது. ஒவ்வொரு சனிக்கிழமையும் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய்.

"தண்ணி கொதிச்சதும் அரை நிமிஷம் ஆறவிடுங்க. முதல்ல தூள் நனையிற அளவுக்கு மட்டும் ஊத்துங்க. ஊத்தினதும் தூள் மூச்சு விடும். வறுக்கும்போது உள்ள மாட்டின காத்து வெளிய வந்து, மாவு மாதிரி உப்பி எழும். நல்ல காபிக்கு அதுதான் அடையாளம். உப்பலைன்னா ஒண்ணு பழைய தூளு, இல்லைன்னா அது காபியே இல்ல."

சொல்லி முடித்த பிறகுதான் காதில் விழுந்தது. அதற்குள் பன்னிரண்டு பேரும் ஊற்றிவிட்டார்கள். மேஜை நெடுகப் பழுப்பு நுரை உப்பி எழுந்து, குமிழ் விட்டு, அறை முழுக்க மணம் பரவியது. யாரோ அடடா என்றார்கள். சர்வேயர் குவளையில் தூள் சேறாகப் படிந்து கிடந்தது.

அவர் குனிந்து பார்த்தார். இன்னும் கொஞ்சம் ஊற்றினார், அது இன்னும் கொஞ்சம் சேறானது.

"சாரோடது உப்பவே இல்லையேக்கா" என்றாள் பேங்க் பெண். அவள் மேல் தப்பில்லை, கண்ணால் பார்த்ததைத்தானே சொன்னாள்.

எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள். காபியே இல்லை என்று சொன்னால் ஒரு பெண்ணின் பதினோரு வருஷம் இந்த மேஜையில் கொட்டிப்போகும். இன்னொரு பதில்தான் மிச்சம். இருபது வருஷத்தில் ஒருவரும் அவள் கடையைப் பற்றிச் சொல்லாத பதில்.

"என் தப்புதான். பழைய தூளைப் போட்டுக் குடுத்துட்டேன்" என்றாள்.

வாங்கிப் போகலாமென்று ஒரு பாக்கெட்டை மடியில் வைத்திருந்தவர் அதைச் சத்தமில்லாமல் எடுத்து மேஜையில் வைத்தார். அக்காவுக்கு முகம் எரிந்தது.

சர்வேயர் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்நாள் முழுக்க எல்லைக் கல்லையும் வரைபடத்தையும் பார்த்துக் கணக்குப் போட்ட ஆள். பாக்கெட்டில் எழுதியிருந்த மூன்று வார்த்தைகளைப் படித்தார். ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார். பக்கத்துக் குவளையின் நுரைக்கு மேல் மூக்கைக் கொண்டுபோய் நன்றாக இழுத்தார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தூள்மேல தப்பில்ல. நான்தான் ஆறின தண்ணிய ஊத்திட்டேன். இந்தக் கடைல பழைய தூளே கிடையாது, எனக்குத் தெரியும்."

தன் தப்பு என்று அவர் சொல்லி அந்த ஊரில் யாரும் கேட்டதில்லை. வகுப்பு சிரித்தது, பாக்கெட்டைத் திருப்பி வைத்தவர் அதை மறுபடியும் எடுத்துக்கொண்டார்.

எல்லாரும் போன பிறகும் சர்வேயர் எழுந்திருக்கவில்லை. அக்கா குவளைகளைக் கழுவிக்கொண்டே இருந்தாள், கழுவினதையே திரும்பக் கழுவினாள்.

"எத்தனை நாளாம்மா?"

"பதினோரு வருஷம் சார். கோவப்படாதீங்க."

"அந்தச் சீட்டு வந்ததுலேர்ந்தா." அவர் நெஞ்சின் மேல் கையை வைத்துக்கொண்டார். இந்தத் தடவை தட்டவில்லை. "பதினோரு வருஷமா இது ஒரு தடவைகூடத் தொந்தரவு பண்ணல. நான் என்னவோ காபியாலன்னு ஊர் பூரா சொல்லிட்டு இருந்திருக்கேன்." அவருக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது. "அவ தனியா நல்ல காபி போட்டுக் குடிச்சிருப்பா. அவளாவது குடிச்சாளே."

அக்கா குழாயை மூடினாள். இதை மறைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"இல்ல சார். நான் தனியா ஒரு பாக்கெட் தரேன்னு எத்தனையோ தடவை சொன்னேன். அவருக்கு இல்லாதது எனக்கு எதுக்குன்னுட்டாங்க. உங்களைவிட அவங்களுக்குத்தான் காபின்னா உசுரு. மாசத்துல ஒருநாள், நான் வறுக்கிற அன்னைக்கு வருவாங்க. அந்த அடுப்புப் பக்கத்துல கொஞ்ச நேரம் நிப்பாங்க, மோந்துட்டுப் போயிடுவாங்க."

சர்வேயர் அந்த அடுப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பிறகு எழுந்தார். கெட்டிலில் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்தார்.

"அவ வர இன்னும் இருபது நாள் இருக்கு. வந்த அன்னைக்கு நான் காபி போட்டு அவ கையில குடுப்பேன். ஒரு வாய் குடிச்சா அவளுக்கே எல்லாம் புரிஞ்சிடும், நான் ஒண்ணும் பேச வேண்டாம்."

"உங்களுக்கு?"

"எனக்கு என் வீட்டுக் கலவைதான். அது குடுக்கலைன்னா உங்க மேல கேஸ் போடுவேன்."

தராசில் தூளை நிறுத்தார். அக்கா சொன்னபடியே ஆறவிட்டு, நனைய மட்டும் ஊற்றி, உப்பி எழுவதைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றார். வடித்து முடித்ததும் குவளையைத் தன் வாய்ப் பக்கம் கொண்டுபோகாமல் நேராக அக்காவிடம் நீட்டினார்.

"நான் குடிக்க மாட்டேன். நீங்க குடிச்சுப் பார்த்துச் சொல்லுங்க. அவளுக்குப் பிடிக்குமா?"

அக்கா ஒரு வாய் குடித்தாள். அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கசக்குது சார்" என்றாள்.

அவர் தலையாட்டிவிட்டு, குவளையைக் கொட்டிக் கழுவி, மறுபடியும் தூளை நிறுக்க ஆரம்பித்தார்.