தலைமாட்டுப் பலகை

கை வைத்த இடமெல்லாம் கை பதிகிறது, தண்ணீர்ச் சொம்பில், கிணற்றுச் சுவரில், முந்தானையில், செம்பழுப்பாய் ஐந்து விரலும் தெளிவாக, சண்முகவடிவு உப்புத்தாளை மடித்து மறுபடியும் தேய்க்கிறாள், கட்டில் கொல்லை நிழலில் கிடக்கிறது, கால் நான்கும் முடிந்தாயிற்று, சட்டமும் முடிந்தாயிற்று, தலைமாட்டுப் பலகை ஒன்றுதான் பாக்கி, பழைய பெயிண்டை நீங்களே தேய்த்து வைத்தால் நாளைக்கே பாலிஷ் போட்டுவிடுகிறேன் என்று ஆசாரி சொல்லிப் போயிருக்கிறார், அடுத்த வாரம் பகவதிக்குக் கல்யாணம், சீராகப் போவது இந்தக் கட்டில்தான். புதுசு வாங்கலாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தாயிற்று, எனக்கு இதுதான் வேணும் சித்தி என்று ஒற்றைக்காலில் நின்றுவிட்டாள், அதைக் கேட்டதிலிருந்து வடிவுக்குக் கால் தரையில் பாவவில்லை, இருக்காதா பின்னே, இரண்டாம்தாரமாக இந்த வீட்டுக்குள் நுழைந்தபோது பகவதிக்கு நாலு வயசு, பெற்றவள் போய் வருஷம் திரும்பியிருக்கவில்லை, அன்றிலிருந்து இந்தக் கட்டிலில்தானே இரண்டு பேரும் படுத்தது, காய்ச்சலில் அனத்தியது இதில்தான், பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று வாயைப் பிளந்து தூங்கியதும் இதில்தான், அம்மா என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை, எப்போதும் சித்தி, வாங்க, போங்கதான், கூப்பிடாவிட்டால் என்ன, கட்டிலைக் கேட்டாளே, அது போதாதா.

ஒரே ஒரு குறை உண்டு, படுத்தவுடன் அந்தப் பிள்ளை முதுகைக் காட்டிக்கொள்ளும், சுவரைப் பார்த்து ஒருக்களித்து, ஒரு கையைத் தலைக்குமேலே நீட்டிப் பலகை மூலையில் வைத்துக்கொள்ளும், இங்கிட்டுத் திரும்புளா என்றால் திரும்பாது, வடிவு அந்தச் சின்ன முதுகைத் தட்டிக்கொண்டே கிடப்பாள், தட்டுகிறாள், நம்மளப் பிடிக்கல போல, தட்டுகிறாள், மூச்சு சீராகிறவரைக்கும் தட்டுகிறாள், உப்புத்தாள் சுவரோரத்து மூலைக்கு வந்து எதிலோ இடறுகிறது. விரலால் தடவினாள், பள்ளம், பெயிண்டுக்கு அடியில் உளியால் வெட்டின எழுத்து, தூளை ஊதினாள், உலகம்மாள் என்றிருந்தது, பகவதியைப் பெற்றவள் பெயர். அவள் கல்யாணத்துக்கு வந்த சீர்க்கட்டில் இது, புதுசாக வருகிறவள் மனசு நோகக்கூடாது என்று பகவதியின் அப்பாதான் பெயிண்டை அடித்து மறைத்திருக்க வேண்டும், நல்ல மனுஷன், வாய்விட்டு ஒரு வார்த்தை சொல்லாமலே போயும் சேர்ந்துவிட்டார். அப்படியென்றால் பிள்ளை கையை நீட்டியது இதற்குத்தானா, கட்டிலைக் கேட்டதும் இதற்குத்தானா, எனக்காக என்றல்லவா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன், வயிறு எரிந்தது வடிவுக்கு, செத்தவளோடு எப்படி மல்லுக்கு நிற்பது, உப்புத்தாளை எடுத்து அழுத்தித் தேய்த்தாள், தெரிந்தே தேய்த்தாள், முதல் இரண்டு எழுத்து மழுங்கிப்போன பிறகுதான் கை நின்றது, ஐயோ என்ன காரியம் செய்தேன் என்று தூளைத் துடைத்துப் பார்க்கிறபோது பகவதி காப்பித் தம்ளரோடு வந்து நிற்கிறாள், பலகையைப் பார்க்கிறாள்.

பெயிண்டோடு சேர்ந்து போய்விட்டது என்று சொல்லியிருக்கலாம், வடிவுக்கு அது வாயில் வரவில்லை, வேணும்னுதாம்ளா தேச்சேன், எனக்குப் பொறுக்கல, என்றாள். பகவதி தம்ளரைக் கீழே வைத்தாள், மிச்சமிருந்த எழுத்துகளின்மேல் மெல்ல விரலை ஓட்டினாள், எங்கம்மா மொகம் எனக்கு ஞாபகமே இல்ல சித்தி, இது ஒண்ணுதான் கைக்குக் கெடச்சுது, என்று சொல்லிக்கொண்டே தூள் படிந்த கட்டிலில் ஏறி, பழையபடி முதுகைக் காட்டி ஒருக்களித்துப் படுத்துவிட்டாள், கல்யாணப்பொண்ணு, பட்டப்பகலில், கை தலைக்குமேலே பலகையில். எந்திரிளா, புதுச் சட்டை பாழாப்போவும், என்கிறாள் வடிவு, பகவதி அசையவில்லை, தட்டு சித்தி, என்கிறாள், அம்மா பேரும் வேணும், ஒன் கையும் வேணும், அதுக்குத்தான இந்தக் கட்டிலக் கேட்டேன், பேரு கட்டிலோட வந்துரும், அங்க யாரு வந்து தட்டுவா. வடிவு உப்புத்தாளைப் போட்டுவிட்டுக் கட்டில் சட்டத்தில் உட்கார்கிறாள், கையைத் துடைக்கத் தோன்றவில்லை, தட்டுகிறாள், மஞ்சள் சட்டையின் முதுகில் கை பதிகிறது, பதிந்ததன்மேலே மறுபடியும் பதிகிறது, செம்பழுப்பாய், ஐந்து விரலும்.